ஒரு வயசு மூத்தவளுக்கு

உங்களை எப்படிக் கூப்புடறதுன்னே
அரை மணி நேரம் போச்சுங்.
அடுத்த ஆடியில இதப் பிரிக்கறப்ப
என்னைவிட ஒரு வயசு மூத்தவ நீங்க.
ஊர் மரியாதைக்கு
'ங்' போட்டுத்தான் பேசோணும்.

போன வருசத்துக்காரி அப்படியில்ல.
'அடியே கோகிலாமணி'ன்னுதான் ஆரம்பிச்சிருக்கறா.
கொள்ளு டப்பாவுக்கு அடியில
ரேசன் கார்டு ஜெராக்ஸுக்குள்ள மடிச்சு வெச்சிருந்தா.
'கணக்குல கட்டாயம் பாஸ் பண்ணியிருப்பே.
பண்ணலீன்னா இதைப் படிக்காதே,
கிழிச்சு அடுப்புல போடு.'

படிச்சுட்டனுங்.
முப்பத்து மூணு மார்க்கு.
அதுக்கு முந்தி இருபத்தொம்பது.
ரெண்டு மார்க்குங்கறது
என்ற செக்கிங் டேபிள்ல ஒண்ணுமேயில்ல.
பனியன் ஒசரம் அரை சென்டி கூடலாம், கொறையலாம்,
பையரே ஒத்துக்குவாரு.
கணக்குத்தாள் திருத்தறவருகிட்ட மட்டும்
அந்த டேப்பு இல்ல.

நடந்தது என்னன்னா,
தீவாளி முட்டும் ஒண்ணரை சிப்டு.
கார்த்திகையில சின்னவனுக்கு டெங்கு.
மாரியம்மன் நோம்பிக்கு வந்த ஒறம்பரை
பத்து நாள் கழிச்சுத்தான் பஸ் ஏறுச்சு.
பங்குனியில நோட்டைப் பிரிச்சா
இயற்கணிதத்துக்கு நடுவுல
பால் கணக்கு எழுதியிருந்துச்சு.
என்ற கையெழுத்துதான்.

இதெல்லாம் சாக்குன்னு சொல்லுவா அவ.
சொல்லட்டும்.
ஆஸ்பத்திரி ராத்திரியில, சொட்டுமருந்து எறங்கறதைப் பாத்துக்கிட்டே
ரெண்டு கோடு எங்க வெட்டிக்கும்னு
நான் தேடினது அவளுக்குத் தெரியாது.
நீங்க மறந்திருக்க மாட்டீங்.

நான் கண்டுபுடிக்கற ஓட்டைக்கெல்லாம்
இருபத்திரண்டு வயசுப் பையன் வந்து கையெழுத்துப் போடறான்.
நல்ல பையன்தான். அக்கான்னுதான் கூப்புடுவான்.
பத்தாவது பாஸ்.

பழுது இருக்கற எடத்துல
செவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டறதுதான் என்ற சோலி.
பதினோரு வருசமா
ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் உட்டது.
ராத்திரி எல்லாரும் தூங்கின பொறவு
அந்தக் கடுதாசியை
டியூப்லைட்டுக்கு நேராப் புடிச்சுப் பாத்தேன்,
துணியப் பாக்கற மாதிரியே.
ஒரு அம்பு எடுத்து
'கட்டாயம்'ங்கற சொல்லுக்கு நேரா ஒட்டினேன்.
அங்கதான் இழை இழுத்திருக்குது.

அதனால உங்களுக்குக் கட்டாயம் ஒண்ணும் எழுதலீங்.

ராக்கியாபாளையம் பிரிவுல கம்பெனி வேன்
ஏழே முக்காலுக்கு வரும்.
ஏழு இருபதுக்கே போயிர்றேன்.
பேக்கரிக்கு எதுக்கால, மூடின சட்டர் படியில
ஒரு கணக்கு.
ஒண்ணே ஒண்ணு.
விடை வந்தாலும் வராட்டியும்
வேன் வந்தா ஏறிக்குவேன்.
வியாழக்கிழமை ஆரம்பிச்சேன்.
இன்னைக்கு சனி, சம்பளக் கவர் முதுகுலதான்
இத எழுதறேன்.
மூணு கணக்குப் போட்டதுல ஒண்ணு சரி.
மயிலாத்தாக்கா வேனுக்குள்ள இருந்து எட்டிப் பாத்து
'கந்துவட்டியா?'ன்னு கேட்டுச்சு.
'வட்டமுங்'ன்னேன்.

இதுக்குள்ள அஞ்சு அம்பு வெச்சிருக்கறேன்.
எங்க உட்டேன்னு தெரிஞ்சா அங்க ஒட்டுங்.
செகண்ட்ஸ்ல மட்டும் தள்ளிப்போடாதீங்.
ஆல்ட்டருக்கு அனுப்புனா சரியாப்போற பழுதுதான்
எப்பவும் எச்சா இருக்கும்.

அப்பறம்,
பால்காரருக்குப் பதினெட்டு லிட்டர் பாக்கி.
அது என்ற கணக்கு, உங்களுக்கு வராது.

பாஸாயிருந்தீங்கன்னா
எனக்குச் சொல்லியனுப்ப உங்களுக்கு வழியில்ல,
அது ஒண்ணுதான் கொறை.
பரவால்லீங்.
திங்கக்கிழமை ஏழு இருபதுக்கு
நான் சட்டர் படியில இருப்பேன்.